நெஞ்சைத் தட்டுகிறவன்

எங்கள் கூடையில் பந்தைப் போடுவது அப்படியொன்றும் கஷ்டமான காரியமில்லை என்பது அந்தக் குளிர்காலத்தில் பிட்ஸ்பர்க் முழுக்கத் தெரிந்திருந்தது. பென் அவென்யூவில் சாண்ட்விச் கடை வைத்திருக்கும் டொலோரஸ் அம்மாள், ரொட்டிக்கு நடுவே உருளைக்கிழங்கு வறுவலை அள்ளித் திணித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "ஏம்ப்பா வென்டல், உங்க ஆளுங்க வீட்டுக் கதவையாவது பூட்டுவாங்களா? இல்ல, வர்றவன் வரட்டும்னு அதையும் தொறந்து போட்டுட்டுத்தான் தூங்குவாங்களா?" கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். கோபித்துக்கொண்டு எழுந்து போனால் மறுநாள் மதியம் எங்கே போய்ச் சாப்பிடுவது?

நான் ஃபோர்ஜ் கூடைப்பந்து அணியில் பெஞ்சின் கடைசி நாற்காலியில் உட்காருகிறவன். ஒரு காலத்தில் ஆடினேன். இப்போது முழங்கால் இரண்டும் கெஞ்சிக் கேட்டால்தான் மடங்குகின்றன. பையன்கள் என்னைப் 'பெரியப்பா' என்று கூப்பிடுகிறார்கள். அதில் மரியாதை கால் பங்கு, கிண்டல் முக்கால் பங்கு. போன கோடையில் எங்கள் முதலாளி பணத்தை வாரி இறைத்து மூன்று பெரிய நட்சத்திரங்களை வாங்கிவந்தார். செர்பியாவிலிருந்து வந்த மலை மாதிரி மிலோஷ், எங்கிருந்து எறிந்தாலும் கூடைக்குள் போடும் ஃபோன்டேன், எல்லாருக்கும் மேலே கீனன் பிராட்வாட்டர். கீனனின் முகத்தைப் பாலத்துக்குப் பக்கத்தில் பத்து மாடி உயரத்துக்கு வரைந்து வைத்தார்கள். கோப்பை வந்துவிட்டது, வைக்க அலமாரிதான் பாக்கி என்று ஊரே ஆடியது.

ஆட்டங்கள் தொடங்கின. நாங்கள் நூற்று முப்பது போட்டால் வந்தவன் நூற்று முப்பத்தைந்து போட்டான். நட்சத்திரங்களுக்குப் பந்து கையில் இருந்தால்தான் உயிர் வரும். எதிராளி கையில் பந்து போய்விட்டால், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். தடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவன்தான் ஓடெல் ப்ரூடாம்.

ஓடெல் லூசியானாக்காரன். போலந்தில் ஆடியிருக்கிறான், அங்கோலாவில் ஆடியிருக்கிறான், சின்ன ஊர்களின் சின்ன அணிகளில் பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து ஆடியிருக்கிறான். இந்தப் பெரிய லீக்கில் ஒரு முழு சீசன் அவனுக்கு வாய்த்ததே இல்லை. எங்களிடமும் அவனுக்கு இருந்தது பாதி ஒப்பந்தம்தான். ஜனவரி முதல் வாரத்துக்குள் அவனை எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம். அந்த வாரம் தாண்டிவிட்டால் சீசன் முடியும்வரை அவன் எங்கள் ஆள். அதற்குப் பிறகு மனைவியையும் மகளையும் கூட்டிவந்து ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். அவன் உயிரெல்லாம் அந்த ஒரு தேதியில்தான் இருந்தது.

அவன் தடுக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பந்தோடு வருகிறவனை ஓடெல் இடது பக்கம் போகவே விட மாட்டான். வலது பக்கத்தை வேண்டுமென்றே திறந்துவிடுவான். வந்தவன் 'ஆஹா, வழி கிடைத்தது' என்று வலது பக்கம் பாய்வான். அங்கே கீனன் ஒரே ஓர் எட்டு எடுத்துவைத்து வந்து நின்றிருக்க வேண்டும். கீனன் ஆறடி ஒன்பது அங்குலம். அவன் சும்மா கையைத் தூக்கி நின்றாலே போதும், வந்தவனுக்குக் கூடை கண்ணில் படாது. எங்கள் பயிற்சியாளர் ஹாலரன் மூளையைக் கசக்கிப் போட்ட திட்டம் அது. மொத்தத் திட்டமும் அந்த ஓர் எட்டில்தான் இருந்தது.

கீனன் அந்த எட்டை எடுத்துவைக்க மாட்டான். அடுத்த பந்து நம் கைக்கு வந்ததும் முதல் ஆளாக ஓடிப் போய்ப் புள்ளி எடுக்க வேண்டுமே, அதற்கு உடம்பை மிச்சம் பிடித்துக்கொண்டு தூரத்திலேயே நிற்பான். எதிராளி திறந்த வழியில் போய்ச் சாவகாசமாகப் பந்தைப் போடுவான். பார்க்கிறவன் கண்ணுக்கு என்ன தெரியும்? ஓடெலைத் தாண்டி ஓடினான், ஓடெல் ஏமாந்தான், அவ்வளவுதான். டிவியில் பேசுகிற மேதாவிகளுக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

இப்படி ஒரு சுலபமான கூடை விழுந்ததும் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாருடைய தப்பு? தப்பு செய்தவன் உள்ளங்கையால் நெஞ்சை இரண்டு தட்டுத் தட்டுவான். 'என்னுது, விடுங்க, ஓடுங்க' என்று அர்த்தம். தெருமுனை ஆட்டத்திலிருந்து பெரிய அரங்கம்வரை எங்களுக்கெல்லாம் அது பழக்கம். தட்டிவிட்டால் அதற்குமேல் யாரும் பேசக் கூடாது. எங்கள் அணியில் தட்டுகிற கை ஒன்றே ஒன்றுதான். ஓடெல். கீனன் நகராமல் நின்றாலும் ஓடெல் தட்டுவான். மிலோஷ் கொட்டாவி விட்டாலும் ஓடெல் தட்டுவான். கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகினால்கூட அவன் தட்டியிருப்பான் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. டிசம்பரில் ஒருநாள் பயிற்சி முடிந்து அவன் காலை ஐஸ் தொட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏண்டா, உன் நெஞ்சு என்ன மத்தளமா? ஊரான் தப்புக்கெல்லாம் நீ ஏன் தட்டறே?"

அவன் சிரித்தான். "பெரியப்பா, கீனன் அண்ணனைப் பாத்து 'உன் தப்பு'ன்னு சொன்னா என்ன பண்ணுவாரு? மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பாரு. அடுத்த தடவ நம்ம பக்கமே திரும்பி வர மாட்டாரு. நாலு பேரோட ஆடணும். என் தப்புன்னு தட்டிட்டா மனசுக்குள்ள சின்னதா ஒரு குத்து குத்தும். அந்தக் குத்துலயாவது ரெண்டு தடவைக்கு ஒரு தடவ ஓடி வருவாரு. எனக்கு அது போதும்."

"குத்துதாக்கும்! அவனுக்கா?"

"குத்தும் பெரியப்பா. நான் தட்டும்போது அவரு தரையப் பாப்பாரு. நீங்க கவனிச்சதில்லையா?"

அதற்குப் பிறகுதான் நான் கவனித்தேன். உண்மைதான். ஓடெலின் கை நெஞ்சுக்குப் போகும்போதெல்லாம் கீனனின் கண் தரைக்குப் போனது. அவன் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். சமையல்காரர்களின் பிள்ளைகளுடைய பிறந்தநாள்கூட அவனுக்கு நினைவிருக்கும். பதினாறு வயதிலிருந்து யாரும் அவனிடம் 'தப்பு' என்ற சொல்லைச் சொன்னதில்லை, அதுதான் அவனுடைய வியாதி.

தோற்ற மறுநாள் காலையில் படம் போட்டுக் காட்டுவார்கள். இருட்டறை, பெரிய திரை. ஹாலரன் ஓரிடத்தில் படத்தை நிறுத்துவார். திரையில் ஓடெல் திறந்துவிட்ட வழியில் ஒருவன் தனியாகப் பறந்துகொண்டிருப்பான். பத்தடி தள்ளிக் கீனன் சிலையாக நிற்பான்.

"இது யாருது?" என்று ஹாலரன் கேட்பார். அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கீனனைச் சொன்னால் அவர் வேலை போகும். அதனால் கேள்வியாகக் கேட்டுவிட்டுக் கூரையைப் பார்ப்பார்.

"என்னுது கோச். இன்னும் கொஞ்சம் ஒட்டி நின்னிருக்கணும்," என்று ஓடெலின் குரல் வரும்.

"சரி. அடுத்தது," என்பார் ஹாலரன், மூட்டை இறக்கிய நிம்மதியோடு. இருட்டில் மிலோஷ் தொண்டையைச் செருமுவான். ஃபோன்டேன் ஷூ நாடாவைக் கட்டுவான். பதிமூன்று வருஷம் ஆடியவன் நான், திட்டம் அக்கக்காகத் தெரிந்தவன். நானும் வாயைத் திறந்ததில்லை. கடைசி நாற்காலிக்காரன் பேசினால் அந்த நாற்காலியும் போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன. வெட்கமாகத்தான் இருக்கிறது.

புத்தாண்டு முடிந்ததும் பனி கொட்டித் தீர்த்தது. ஓடெல் ப்ளூம்ஃபீல்டில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தான். அவன் மனைவி வெர்னீஸ் மகளோடு காரில் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, இந்த ஊருல வாசல் பனிய வாரிட்டு நாற்காலி போட்டா அந்த இடத்துல வேற எவனும் கார நிறுத்த மாட்டானாமே? நெசமா?"

"நாற்காலியத் தொட்டவன் கைய ஒடிப்பாங்க. போலீஸே தொட மாட்டான்."

"எங்கிட்ட இருக்கறது ஒரு சோபாதான்."

சமையலறையில் கிடந்த பழைய மஞ்சள் நாற்காலி ஒன்றை நானே காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தேதி தாண்டட்டுமே, அதுக்குள்ள ஏன் வரச் சொல்றே?" என்று கேட்டேன்.

"எல்லா ஆட்டத்துலயும் முதல் ஐஞ்சு பேர்ல என்னை நிறுத்தறாங்க பெரியப்பா. நிறுத்தறவன நீக்குவாங்களா?" என்றான். நானும் மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலை. பயிற்சிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் கீனனும் நானும் முட்டை தின்றுகொண்டிருந்தோம். யாரை வாங்குவது, யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கிற விட்காம், ஒரு காபிக் கோப்பையோடு வந்து எங்கள் மேஜையில் உட்கார்ந்தார். அவர் வந்து உட்கார்ந்தால் மேஜையே கொஞ்சம் குளிரும்.

"கீனன், உங்க கருத்து ஒண்ணு வேணும். டிஃபென்ஸ்ல ஓட்டை எங்க இருக்கு? மேல எல்லாரும் ஓடெல்னு சொல்றாங்க. அவனும் தினம் டிவில நெஞ்சத் தட்டி ஒத்துக்கறான். நீங்க அவன் பக்கத்துலயே நிக்கறவர். நீங்க என்ன சொல்றீங்க?"

கீனன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். சொல்லப்போகிறான் என்றே நினைத்தேன். உதடு பிரிந்தது.

"நல்ல பையன்," என்றான். "ரொம்ப முயற்சி பண்றான்."

"முயற்சி தெரியுது. பலன்?"

கீனன் தோளைக் குலுக்கினான். "அதெல்லாம் உங்க வேலை. நீங்க பாத்துச் செய்ங்க."

விட்காம் என் பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். நான் வாயில் முட்டையை அடைத்துக்கொண்டேன். அவர் எழுந்து போனார். கீனன் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. தட்டில் மஞ்சள் கரு காய்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியப்பா, நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே?"

"இல்ல," என்றேன். "நீ ஒண்ணுமே சொல்லலையே."

மூன்று நாள் கழித்து மாலையில் ஆட்டம். கீனன் வேறு ஆளாக இறங்கினான். ஓடெல் வலது பக்கத்தைத் திறந்தான், கீனன் அந்த எட்டை வைத்து வந்து நின்றான். வந்தவன் திகைத்துப்போய்ப் பந்தைத் தவறவிட்டான். மறுபடி, மறுபடி. அரங்கமே எழுந்து நின்றது. "அட, கதவுக்குப் பூட்டு வாங்கிட்டீங்களா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஓடெலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான். பாதி ஆட்டத்தில் நாங்கள் வெகுவாக முன்னால் இருந்தோம்.

ஆனால் பழக்கம் பொல்லாதது. கடைசிப் பகுதியில் கீனன் களைத்துப்போனான். எதிராளி நெருங்கி வந்தான். முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது ஓடெல் வழியைத் திறந்தான், கீனன் நின்ற இடத்திலேயே நின்றான். பந்து கூடைக்குள் விழுந்தது. அந்தக் கூடையில்தான் தோற்றோம்.

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் கீனனின் கையை மட்டுமே பார்த்தேன். அது தொடையிலிருந்து எழுந்தது. இடுப்புவரை வந்தது. அரங்கில் பதினெட்டாயிரம் பேர், எத்தனையோ கேமரா. அது அங்கேயே நின்று, அரைக்கால் சட்டையின் நாடாவைச் சரிசெய்தது. ஓடெலின் கை நேராக நெஞ்சுக்குப் போனது. தட், தட்.

பெஞ்சுக்கு வந்து என் பக்கத்தில் விழுந்த கீனன் துண்டைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "வந்துடுச்சு பெரியப்பா. கை வந்துடுச்சு. மேல ஏறல."

மறுநாள் காலை அவன் என் வீட்டு வாசலில் நின்றான். இரவெல்லாம் தூங்காத கண்கள். "விட்காம்கிட்ட போறேன். எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். நீங்க கூட வாங்க," என்றான். "நான் எதுக்கு?" என்றேன். "அன்னிக்கு அந்த மேஜையில நீங்களும்தானே இருந்தீங்க," என்றான். கோட்டை மாட்டிக்கொண்டேன்.

விட்காமின் அறைச் சன்னலிலிருந்து ஆறு தெரியும். கீனன் உட்காரவே இல்லை.

"ஓட்டை ஓடெல் இல்ல. நான்தான். அவன் வேணும்னேதான் வழியத் திறக்கறான். நான் வந்து அடைக்கணும். நான் வர்றதில்ல. எல்லாமே என்னுது. அவன் என்னக் காப்பாத்தத் தட்டறான்."

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான். விட்காம் அவனை இரக்கத்தோடு பார்த்தார். எனக்கு அந்த இரக்கம்தான் பயத்தைக் கொடுத்தது.

"தெரியும் கீனன்."

"தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். கோச்சுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், முதலாளிக்கும் சொல்லியாச்சு. உங்கள அனுப்ப முடியுமா? பாலத்துகிட்ட உங்க மூஞ்சிதானே இருக்கு. தோத்துக்கிட்டே இருந்தா எதையாவது மாத்தினோம்னு காட்டணும். அவனே முன்னால வந்து தட்டினான். எங்களுக்குச் சௌகரியமாப் போச்சு."

"அப்ப, அவனை..."

"ஒரு மணி நேரம் முன்னாடி கூப்பிட்டுச் சொல்லிட்டேன். புது ஆள் விமானம் ஏறிட்டான்."

கீனன் மேஜையைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்கு நான் சொல்லியிருந்தா?"

விட்காம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு முடிவு பண்ணல. அதனாலதானே உங்க மேஜைக்கு வந்தேன். 'அவன் வேணும், என் பக்கத்துல அவன்தான் நிக்கணும்'னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். வெச்சிருப்போம். உங்க தப்புன்னுகூட நீங்க ஒத்துக்க வேண்டியிருந்திருக்காது."

நாங்கள் படியிறங்கி வந்தோம். லிஃப்ட் இருப்பதே நினைவுக்கு வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை. அது கீனன் வாயிலிருந்தும் வரவில்லை, என் வாயிலிருந்தும் வரவில்லை. என் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லைதான். ஆனாலும் அன்று என் வாயில் இருந்தது முட்டைதான்.

ப்ளூம்ஃபீல்டில் ஓடெலின் தெரு முழுக்கப் பனி. அவன் வாசலில் நின்று மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தான். ஒரு காரின் நீளத்துக்குத் தரை சுத்தமாகத் தெரிந்தது. நடுவில் என் மஞ்சள் நாற்காலி.

"எதுக்குடா இன்னும் வாரிக்கிட்டிருக்கே?" என்றேன். வேறு எதைக் கேட்பதென்று தெரியவில்லை.

"அவ கிளம்பி ரெண்டு நாளாச்சு பெரியப்பா. வழியில போன எடுக்க மாட்டா, வண்டி ஓட்டறப்ப பேச மாட்டா. இப்ப வந்துடுவா. வந்தா நிறுத்த இடம் வேணும்ல?"

கீனன் பனியில் அவன் எதிரே போய் நின்றான். ஆறடி ஒன்பது அங்குல மனிதன், தலைமையாசிரியர் முன்னால் நிற்கிற பையன் மாதிரி நின்றான்.

"ஓடெல், விட்காம் எங்கிட்ட கேட்டாரு. உன்னப் பத்தி. நாலு நாள் முன்னாடி. நான் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா நீ இருந்திருப்பே. அவரே சொன்னாரு." அவன் குரல் உடைந்தது. "என் தப்புடா. அன்னிக்கு மட்டுமில்ல. எல்லா நாளும் என் தப்பு."

ஓடெல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். அவன் தாடை இறுகியதைப் பார்த்தேன். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். கீனன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. அதைப் பார்த்ததும் ஓடெலின் தாடை தளர்ந்துபோனது. கையுறை போட்ட கை மெல்ல எழுந்து நெஞ்சுக்குப் போனது.

"விடுங்கண்ணே. தட்டினது நான்தானே. நீங்களா தட்டச் சொன்னீங்க? என்னுது இது. விடுங்க."

தட், தட். கோட்டின் மேல் சத்தமே வரவில்லை.

"தட்டாதேடா!" கீனன் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "தயவு பண்ணித் தட்டாதே! திட்டு. நாலு அறை விடு. தட்டாதே!"

"எனக்குத் திட்டத் தெரிஞ்சிருந்தா எப்பவோ திட்டியிருப்பேனே அண்ணே," என்றான் ஓடெல். அவன் கண்ணிலும் அப்போதுதான் தண்ணீர் வந்தது.

தெருமுனையில் லூசியானா எண் பலகையோடு ஒரு பழைய கார் திரும்பியது. கூரையில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய மூட்டைகள், ஒரு சின்ன சைக்கிள். ஓடெல் முகத்தை அவசரமாகத் துடைத்துக்கொண்டான். நாற்காலி வழியில் இருந்தது. கீனன்தான் அதைத் தூக்கினான். தூக்கியவனுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றான்.

வெர்னீஸ் காரை நிறுத்தி இறங்கினாள். மகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். நீண்ட பயணத்தில் வெர்னீஸின் கண் சிவந்திருந்தது. அவள் ஓடெலின் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"எப்பச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"காலைல."

அவள் அவன் கன்னத்தில் கை வைத்தாள். அழவில்லை. பிறகு கீனன் பக்கம் திரும்பினாள். அவன் யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அம்மா, நான்..." என்று கீனன் தொடங்கினான்.

"எனக்கு இந்த ஆட்டம் ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் வெர்னீஸ். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. "ஆனா ஒரு ஆட்டம் விடாம டிவில பாத்தேன். இவரு நெஞ்சத் தட்டறப்பல்லாம் நான் இவரப் பாக்க மாட்டேன். உங்க கையத்தான் பாப்பேன். இந்தத் தடவையாவது அது மேல வருமான்னு."

கீனனின் இரண்டு கையும் அப்போது நாற்காலியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

அவள் கார்க் கதவைத் திறந்து மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஓடெல் கூரையிலிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். நாங்கள் உதவ முன்னால் போனோம். "வேண்டாம் அண்ணே, ஒரு வாரத்துல திரும்பக் கட்டணும். சைக்கிள மட்டும் இறக்கினா போதும்," என்றான்.

இரண்டு நாள் கழித்து எங்கள் ஊரிலேயே ஆட்டம். புதிய பையன் ஓடெலின் இடத்தில் நின்றான். நல்லவன்தான், சுறுசுறுப்பு. முதல் பகுதியிலேயே அவன் வழியைத் திறந்துவிட, கீனன் பாய்ந்து வந்தான். இந்தத் தடவை எட்டை வைத்தான், ஆனால் அரை நொடி தாமதம். பந்து விழுந்துவிட்டது. ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். புதிய பையனின் கை எழப் பார்த்தது. அதற்குள் கீனன் தன் நெஞ்சைத் தட்டினான். இரண்டு தட்டு அல்ல, பெஞ்சின் கடைசிவரை கேட்கும்படி ஓங்கி ஓங்கித் தட்டினான். கேமராவைப் பார்த்துத் தட்டினான். லூசியானா எண் போட்ட ஒரு காருக்குச் சொந்தக்காரி எங்கிருந்தாவது பார்த்துவிட மாட்டாளா என்று தட்டினான்.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. பிறகு ஒருவன் கை தட்டினான். பத்துப் பேர் தட்டினார்கள். அப்புறம் பதினெட்டாயிரம் பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். "கீ-னன்! கீ-னன்!" பெரிய திரையில் அவன் நெஞ்சைத் தட்டுவதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். எவ்வளவு பெரிய ஆட்டக்காரன், எவ்வளவு பணிவு பார், இவனல்லவா தலைவன் என்று என் பின்னாலிருந்த ஒரு பெரியவர் பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹாலரன் அவனை வெளியே அழைத்தார். கீனன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கை தட்டல் இன்னும் ஓயவில்லை.

"பெரியப்பா, எதுக்கு இவங்க கை தட்டறாங்க?"

நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை நிமிரவே இல்லை.